தெரியும்படி ஒரு மூட்டு

பெற்றவர்கள் வைத்த பேர் அவருக்கு ஒன்று இருக்கத்தான் செய்தது. அதைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவரே ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் திரும்பிப் பார்ப்பார். தொழிலில் எல்லோருக்கும் அவர் முட்டி. கார்ப்பெட்டைச் சுவரோரம் இழுத்து மாட்டுவதற்கு, முன்னால் பல்லும் பின்னால் திண்டும் வைத்த ஒரு கருவி உண்டு. பல்லைக் கார்ப்பெட்டில் பதித்துவிட்டு, திண்டை முழங்காலால் ஓங்கி முட்ட வேண்டும். இருபத்திரண்டு வருடமாக நாளுக்கு முந்நூறு தடவை முட்டுகிற மனுஷனை வேறு என்னவென்று கூப்பிடுவது?

வேலையில் கெட்டிக்காரர். வாயில் அதைவிடக் கெட்டிக்காரர். ஒரு வீட்டுக்குள் நுழைந்ததுமே தரையைப் பார்த்து, இங்கே யார் காலைத் தேய்த்து நடப்பது, யார் நாற்காலியை இழுத்துப் போடுவது என்று சொல்லிவிடுவதாக அடித்துவிடுவார். பாதி சரியாகவும் இருக்கும். ஆனால் அவருடைய பெரிய பெருமை மூட்டுதான். கார்ப்பெட் ரோல் ஓர் அகலத்தில்தான் வரும். அறை அதைவிடப் பெரிசாக இருந்தால் இரண்டு துண்டைச் சேர்த்துத்தான் ஆக வேண்டும். சேர்த்த இடம் தெரியாமல் சேர்ப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

"என் மூட்டை யாராவது கண்டுபிடிச்சுட்டா ஒரு பக்க மீசையை எடுத்துடறேன்" என்பார். மீசையோ நாலு பேர் திரும்பிப் பார்க்கிற மீசை. இதுவரை அதற்கு ஒரு ஆபத்தும் வந்ததில்லை.

அந்த வீட்டிலிருந்து போன் பண்ணியவர் ஒரு தம்பி. ஏற்கெனவே இரண்டு பேரைக் கூப்பிட்டிருக்கிறார். ஒருவன் போட்டோ அனுப்பச் சொன்னானாம். இன்னொருவன் வந்து, கூடத்தைக் காலால் நாலு எட்டு அளந்துவிட்டுப் போய்விட்டானாம்.

"காலால அளந்தானா? அவன் கையில நீங்க ஒரு கர்ச்சீப்பைக் கூடக் கொடுக்காதீங்க சார்" என்றார் முட்டி. "நாளைக்குக் காலைல நான் டேப்போட வர்றேன். வீட்ல யாரு இருப்பாங்க?"

"நானும் என் மனைவியும் வேலைக்குப் போயிடுவோம். அக்கா இருப்பாங்க" என்றார் தம்பி. அதற்கு மேல் ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. சொல்லவில்லை.

கதவைத் திறந்த அக்காவுக்கு ஐம்பது வயது இருக்கும். பின்னிய நரை, இஸ்திரி போட்ட சேலை, காலில் மரச் செருப்பு போல டக் டக் என்று ஒலிக்கிற கெட்டியான செருப்பு. "வாங்க கார்ப்பெட்காரரே" என்று சொல்லிவிட்டு விடுவிடுவென்று முன்னால் நடந்தார். முட்டி வழக்கம்போலத் தரையைப் பார்த்துக்கொண்டே பின்னால் போனார். வழவழவென்று பளிங்கு மாதிரி டைல்ஸ். அகலமான கூடம். அதன் ஒரு கோடியில் அறைகளுக்குப் போகிற ஒடுக்கமான நடை, எதிர்க்கோடியில் சமையலறை வாசல். டேப்பை விரித்தார், மூலைக்கு மூலை குறுக்கே அளந்தார், கதவுகளின் அடி இடைவெளியில் அட்டையைச் செருகிப் பார்த்தார். நோட்டுப் புத்தகம் நிறையக் கேள்வி கேட்டார். நாய் பூனை உண்டா? வெயில் எந்த ஜன்னல் வழியா வரும்? தரையில எப்பவாவது ஈரம் கசிஞ்சிருக்கா?

அக்கா எல்லாவற்றுக்கும் டாண் டாண் என்று பதில் சொன்னார். ஈரச் சோதனைக்காக முட்டி ஒரு பிளாஸ்டிக் தாளைத் தரையில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டினார்.

"ரெண்டு நாள் இது இப்படியே இருக்கட்டும்மா. அடியில வேர்த்துதுன்னா தரையில ஈரம்னு அர்த்தம். கால் வெச்சுடாதீங்க."

"எந்த இடத்துல ஒட்டியிருக்கீங்க?"

"கண்ணு முன்னாடிதானேம்மா இருக்கு!" என்று முட்டி சிரித்தார்.

"சொல்லுங்களேன்" என்று அக்காவும் சிரித்தார்.

"ஜன்னலுக்குக் கீழ, சுவத்துலேருந்து ஒரு முழம் தள்ளி."

அக்கா தலையாட்டிவிட்டு உள்ளே போய் டீ கொண்டுவந்தார். ஒரு சொட்டு சிந்தாமல், முட்டி உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேராக வந்து நீட்டினார். டீயைக் குடித்ததும் முட்டிக்கு வாய் இன்னும் தாராளமாகிவிட்டது. கார்ப்பெட்டின் இழை நேராக நிற்காது, ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும் என்று விளக்கினார். ஒரு துண்டை மாற்றித் திருப்பிப் போட்டுவிட்டால் ஒரே ரோல் இரண்டு நிறமாகப் பல்லிளிக்கும், கத்துக்குட்டிகள் செய்கிற வேலை அது என்றார். மீசைச் சபதத்தையும் எடுத்துவிட்டார்.

"கண்ணால இல்லம்மா, கையால தடவிப் பார்த்தாலும் என் மூட்டு தெரியாது."

"சத்தம்?" என்று கேட்டார் அக்கா.

"சத்தமா! நீங்க நடக்கறது உங்களுக்கே கேட்காது. பஞ்சு மேல நடக்கற மாதிரி இருக்கும்."

அக்கா காலி டம்ளரைக் கேட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அவர் பூரித்துப்போய்விட்டார் என்று முட்டி நினைத்துக்கொண்டார்.

தாளுக்கு அடியில் வேர்க்கவில்லை. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை காலையிலேயே முட்டி, தன் மச்சானோடு வந்து இறங்கினார். மச்சான் என்றால் மனைவியின் தம்பி. முப்பத்தைந்து வயது, மலை மாதிரி உடம்பு, ரோலை ஒற்றை ஆளாகத் தோளில் தூக்குவான். தூக்கிக்கொண்டே குறையும் சொல்வான். அன்று தம்பியும் அவர் மனைவியும் விடுப்பு எடுத்திருந்தார்கள். அக்கா பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தார்.

அன்றைக்கு வேலை வெண்ணெயில் கத்தி இறங்கிய மாதிரி போயிற்று. கார்ப்பெட் ஓரத்தைக் கவ்விப் பிடிக்கிற ஆணிப்பட்டியைச் சுவரோரம் அடித்தார்கள், அடிமெத்தை விரித்தார்கள், சாம்பல் கலந்த பச்சையில் கார்ப்பெட்டைப் பிரித்துவிட்டார்கள். இழை எல்லாம் ஜன்னலைப் பார்த்துச் சாய்ந்து நின்றது. மூட்டுக்கு அடியில் பசை நாடாவை வைத்து இஸ்திரிப் பெட்டியைத் தேய்த்துக்கொண்டே போனார் முட்டி. நாடா இளக இளக இரண்டு ஓரத்தையும் விரலால் நெருக்கிச் சேர்த்தார். பிறகு மூலைக்கு மூலை முட்டினார். நாலு மணிக்கு எழுந்து நின்று பார்த்தபோது மூட்டு எங்கே என்று அவருக்கே சந்தேகம் வந்தது. மச்சான் வழக்கம்போல விளம்பரத்துக்கு ஒரு போட்டோ எடுத்தான்.

"முதல் ரெண்டு வாரம் நூல் உதிரும், பயப்படாதீங்க. ஏதாவது கொட்டினா தேய்க்காதீங்க, துணியால ஒத்தி எடுங்க" என்று தம்பியின் மனைவிக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார் முட்டி. "மிச்சத் துண்டைத் தூக்கிப் போட்டுடாதீங்கம்மா. பின்னாடி ஒட்டுப் போட உதவும்."

அப்போதுதான் அக்கா வந்தார்.

வாசலில் செருப்புச் சத்தம் டக் டக் என்று கேட்டது. கூடத்துக்குள் கால் வைத்ததுமே சத்தம் நின்றுபோயிற்று. அக்கா இரண்டாவது எட்டு வைத்தார், மூன்றாவது வைத்தார். தலையைச் சற்றுச் சாய்த்துக் காதைக் கொடுத்தார். இடது பக்கம் விலகி நடந்து சோபாவின் கையில் இடித்துக்கொண்டார். திரும்பினார். கையை முன்னால் நீட்டித் துழாவினார். அங்கே பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை.

"டேய் தம்பி" என்றார். குரல் மெலிந்திருந்தது. "நான் எங்கடா நிக்கறேன்?"

தம்பி ஓடிவந்து முழங்கையைப் பிடித்தார். அக்கா அந்தக் கையைத் தட்டிவிட்டார். தட்டிவிட்ட வேகத்தில் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம் என்பதும் அவருக்குத் தெரியாமல் போயிற்று.

முட்டிக்குப் பொட்டில் அறைந்த மாதிரி இருந்தது. முதல் முறையாக அவர் அக்காவின் முகத்தைப் பார்த்தார். கண்கள் திறந்துதான் இருந்தன. அவை எதையும் பார்க்கவில்லை. 'கண்ணு முன்னாடிதானேம்மா இருக்கு' என்று சிரித்தது ஞாபகம் வந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல ஆயிற்று.

"நீங்க ஏன் சார் சொல்லல?" என்றார் தம்பியிடம்.

"சொல்லக் கூடாதுன்னு உத்தரவு" என்றார் தம்பி. "மூணு வருஷமா சுத்தமா பார்வை இல்ல. ஆனா வீட்டுக்குள்ள கம்பு எடுக்க மாட்டாங்க, யார் கையையும் பிடிக்க மாட்டாங்க. சமையல், வேலை, எல்லாம் அவங்களேதான். போன மாசம் ஈர டைல்ஸ்ல வழுக்கி விழுந்து, நாங்க வர்ற வரைக்கும் ஒரு மணி நேரம் தரையிலேயே கிடந்தாங்க. அதுக்கப்புறம்தான் நான் சொன்னேன், ஒண்ணு கார்ப்பெட், இல்லன்னா பகல்ல துணைக்கு ஒரு அம்மா. அக்கா கார்ப்பெட்டுன்னாங்க."

"விடுங்க அண்ணி" என்றார் தம்பியின் மனைவி, மெதுவாக. "அந்த அம்மாவையும் பேசி வெச்சிருக்கோமே. திங்கக்கிழமையிலேருந்து வரச் சொல்லிடலாம். கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போக ஒரு ஆள் இருந்தா என்ன குறைஞ்சுபோச்சு?"

"எனக்குக் குறைஞ்சு போகும்" என்றார் அக்கா. "அடுத்தவங்க கையைப் பிடிச்சுத்தான் என் வீட்டுல தண்ணி குடிக்கப் போகணும்னா, நான் விழுந்த அன்னைக்கே எந்திரிச்சிருக்க வேண்டாம்."

மச்சான் முட்டியின் காதருகே குனிந்தான். "மாமா, நம்ம வேலை முடிஞ்சுது. குடும்ப விஷயம். கிளம்பலாம்."

"வாயை மூடுறா" என்றார் முட்டி.

அவர் அக்காவுக்கு எதிரே போய் நின்றார். "அக்கா, நான்தான், கார்ப்பெட்காரன். இத்தனை நாள் எப்படி நடந்தீங்க? எனக்கு விவரமா சொல்லுங்க."

"தரை சொல்லும்" என்றார் அக்கா. "நடையில சத்தம் நெருக்கமா கேட்கும், கூடத்துக்கு வந்தா விரியும். நடை வாசல்லேருந்து நேரா ஆறு எட்டு வெச்சா வலது பக்கம் வாசக்கதவு. இன்னும் அஞ்சு வெச்சா சமையலறை. அங்க ஒரு டைல்ஸ் அடியில பொள்ளலா இருக்கும், சத்தம் மாறும். இப்ப நீங்க எல்லாத்துக்கும் வாயைக் கட்டிட்டீங்க."

"நான் கேட்டேனே அப்பவே, சத்தம்னு" என்று அக்காவே தொடர்ந்தார். "நீங்க சொன்ன பதில்லயே எனக்குப் பயம் வந்துடுச்சு. ஆனாலும் சமாளிச்சுடலாம்னு நினைச்சேன்."

முட்டி கூடத்தைப் பார்த்தார். அத்தனை அழகு. ஒரு சுருக்கம் இல்லை, ஒரு கோடு இல்லை, சுவருக்குச் சுவர் ஒரே மாதிரி. ஒரே மாதிரி இருப்பதுதான் இந்த அம்மாவுக்கு வினையாகியிருக்கிறது என்று அவருக்கு உறைத்தது. மேலே ஒரு பட்டையை ஒட்டலாமா என்று யோசித்தார். தடுக்கி விழுவார்கள். தடுக்காமல், ஆனால் காலுக்குத் தெரியும்படி ஒன்று வேண்டும். குனிந்து கார்ப்பெட்டைத் தடவினார். ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு போயிற்று, எதிர்ப்பக்கம் சொரசொரத்தது. தடவிய கை அங்கேயே நின்றது.

"அக்கா, செருப்பைக் கழட்டுங்க. காலால இப்படித் தேய்ங்க. இப்ப அப்படித் தேய்ங்க."

அக்கா தேய்த்தார். "இந்தப் பக்கம் படியுது. அந்தப் பக்கம் எதிர்க்குது."

"குறுக்கால?"

"அது வேற மாதிரி இருக்கு."

"அவ்வளவுதான்!" என்று முட்டி கையைத் தட்டினார். "இன்னைக்கு ஒரு ராத்திரி பொறுத்துக்குங்க. நாளைக்குக் காலைல வர்றேன். சார், மிச்சத் துண்டு எங்க?"

வண்டியில் போகும்போது விஷயத்தைக் கேட்ட மச்சானுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "கூடத்துக்கு நடுவுல வெட்டிட்டு, இழையைத் திருப்பிப் போடப் போறீங்களா? பளிச்சுன்னு கோடு தெரியும் மாமா! பார்க்கறவன் நம்மளக் காறித் துப்புவான். போட்ட மூட்டுலயே இதுதான் நல்ல மூட்டுன்னு இன்னைக்குத்தானே சொன்னீங்க?"

"சொன்னேன்தான்."

"அப்புறம்?"

உண்மையைச் சொன்னால் முட்டிக்கும் வலிக்கத்தான் செய்தது. நாள் பூராவும் குனிந்து போட்ட மூட்டு, ஒரு ராத்திரி கூட முழுசாக இருக்கப்போவதில்லை.

மறுநாள் காலையில் அவர் டேப்பை எடுக்கவில்லை. அக்காவை நடை வாசலில் வெறுங்காலோடு நிற்க வைத்து, "எங்கேருந்து எங்க, நீங்களே சொல்லுங்க" என்றார். அக்கா சொல்லச் சொல்ல, சுண்ணாம்புக் கயிற்றைச் சுண்டிக் கோடு போட்டார். நடை வாசலிலிருந்து ஆறு எட்டு. அங்கிருந்து வலது பக்கம் வாசக்கதவுக்கு ஒரு கிளை. நேராகப் போனால் இன்னும் ஐந்து எட்டு. மச்சானுக்கு மனசு கேட்கவில்லை, தன் டேப்பைப் பிடித்துப் பார்த்தான். சமையலறை வாசலுக்கும் அக்காவின் கணக்குக்கும் இரண்டு விரல்தான் வித்தியாசம். டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டான்.

கத்தியை வைக்கும் முன்னால் முட்டி தம்பியின் மனைவியைப் பார்த்தார். "கோடு தெரியும்மா. நல்லாவே தெரியும். வர்றவங்க போறவங்க கேட்பாங்க. பரவாயில்லையா?"

அவர் ஒரு நிமிஷம் அந்தக் கூடத்தைப் பார்த்தார். ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுத்த நிறம். "அண்ணி நேத்து ராத்திரி அறையை விட்டு வெளியிலயே வரல" என்றார். "வெட்டுங்க."

முட்டி வெட்டினார். ஓரடி அகலத்துக்குப் பாதையை எடுத்துவிட்டு, மிச்சத் துண்டிலிருந்து பட்டைகளை அறுத்தார். கூடம் முழுக்க இழை ஜன்னலைப் பார்த்துச் சாய்ந்திருக்க, பட்டையில் மட்டும் அக்காவின் அறைப் பக்கமாகச் சாயும்படி வைத்தார். சமையலறைக்குப் போனால் விரலை எதிர்க்கும், திரும்பி வந்தால் படிந்து கொடுக்கும். போகிறோமா வருகிறோமா என்பதுகூடக் காலுக்குத் தெரிந்துவிடும். கிளையிலும் அதே மாதிரி, வாசலுக்குப் போகும்போது எதிர்க்கும்படி வைத்தார். ஓரங்களை மட்டும் முடி அளவுக்கு மேடு பள்ளம் இல்லாமல் சேர்த்தார். நாடா, இஸ்திரிப் பெட்டி, விரல். மத்தியானம் ஆயிற்று.

எழுந்து பார்த்தால், பச்சைக் கூடத்தில் கரும்பச்சையில் ஒரு பட்டை, நட்ட நடுவில், குருடனுக்குத் தவிர மற்ற எல்லோருக்கும் தெரிகிற மாதிரி கிடந்தது என்று மச்சான் சொல்ல வாயெடுத்து, நல்லவேளையாக நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"வாங்கக்கா" என்றார் முட்டி.

அக்கா நடை வாசலில் நின்றார். வலது காலை வைத்தார். விரல்களால் தரையைத் துழாவினார். பட்டை அகப்பட்டது. ஒரு எட்டு, இன்னொரு எட்டு. மூன்றாவது எட்டில் கால் ஓரம் தாண்டிவிட்டது. யாரும் சொல்லாமலே நின்று, காலை இழுத்துப் பாதைக்குள் வைத்துக்கொண்டார். தம்பி தன்னை அறியாமல் முன்னால் ஓரடி எடுத்துவைத்தார். அவர் மனைவி சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டார். ஐந்தாவது எட்டிலிருந்து அக்கா நீட்டியிருந்த கைகளைக் கீழே விட்டார். அப்புறம் அவர் நடந்தது பழைய விடுவிடு நடை.

சமையலறைக்குள் பாத்திரச் சத்தம் கேட்டது. அடுப்புப் பற்றவைக்கும் சத்தம் கேட்டது. கூடத்தில் நாலு பேரும் சமையலறை வாசலையே பார்த்தபடி நின்றார்கள். நின்றுகொண்டே இருக்க முடியாமல் முட்டி கீழே குனிந்து உதிர்ந்த நூலைப் பொறுக்க ஆரம்பித்தார்.

டம்ளரோடு அக்கா திரும்பி வந்தார். முட்டிக்கு ஓரடி முன்னால் வந்து நின்றார்.

"கார்ப்பெட்காரரே, பாதையை அடைச்சுட்டு உட்கார்ந்திருக்கீங்க. மூச்சு விடற சத்தம் கேட்குது."

முட்டி அவசர அவசரமாக நகர்ந்தார். டீ அவர் கைக்கு நேராக வந்தது. ஒரு சொட்டு சிந்தியிருக்கவில்லை.

"அப்புறம்" என்றார் அக்கா, "உங்க மூட்டை நான் கண்டுபிடிச்சுட்டேன். ஒண்ணு இல்ல, அத்தனையும். மீசை இன்னும் இருக்கா, எடுத்தாச்சா?"

மச்சான் பக்கென்று சிரித்துவிட்டான். முட்டி கையால் மீசையை மூடிக்கொண்டார். அவருக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. "பாதி உங்களுடையதுதான்க்கா. எப்ப வேணும்னாலும் எடுத்துக்குங்க, மூஞ்சியைக் காட்டறேன்."

அக்கா அதற்குள் திரும்பிவிட்டார். ஆறாவது எட்டு வரைக்கும் போய், கால் விரல்களால் கிளையைத் தேடி எடுத்து, வாசல் பக்கம் நடந்தார். கதவோரத்து அலமாரியில் அவருடைய போன் சார்ஜில் இருந்தது. எடுத்து, அதனிடம் ஒரு பேரைச் சொல்லிக் கூப்பிட வைத்து, காதில் வைத்துக்கொண்டார்.

"பகல்ல துணைக்கு உங்களைப் பேசி வெச்சிருந்தாங்களேம்மா, அந்த அக்கா நான்தான்" என்றார். "வேண்டாம்மா. இல்ல இல்ல, வேற யாரையும் வைக்கல. என் வீட்டுல எனக்கு வழி தெரியும்."